பின்சீட்டை விட்டுவிட்டு மிச்சம் பிடிக்கலாமா?

பைக் இன்சூரன்ஸ் செலவைக் குறைக்க ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். எதில் கை வைக்கலாம், எதில் வைக்கவே கூடாது? ஒரு கடற்கரைக் கணக்கு.

ஞாயிறு மாலை. கடப்பாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை மூச்சு விடாமல் ஓடுகிறது. புதுச்சேரியில் விடுமுறையைக் கழித்த சென்னைப் பையன்கள் புல்லட்டுகளில் வரிசை கட்டித் திரும்புகிறார்கள். ஆலம்பரைக் கோட்டைப் பக்கமிருந்து வரும் சாலையில், டியூப் ரப்பரால் ஐஸ்பெட்டியை இறுக்கிக் கட்டிய டி.வி.எஸ். எக்ஸெல் ஒன்று, மெயின் ரோட்டில் ஏற இடைவெளி பார்த்து நிற்கிறது. அதன் பின்னால் ஒரு ஸ்ப்ளெண்டர். டேங்க்கின் மேல் குழந்தை, ஓட்டுபவர் தலையில் மட்டும் ஹெல்மெட், பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கும் மனைவியின் மடியில் மளிகைப் பை. மரக்காணம் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே கடந்ததும் இரண்டு வண்டிகளும் சாலையில் ஏறுகின்றன.

இடைக்கழிநாடு, செய்யூர் வட்டாரத்தில் பைக் என்பது குடும்ப வாகனம். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் மீன் ஏலத்துக்கும் கல்யாணத்துக்கும் அதுதான் போகிறது. ஆண்டுக்கொருமுறை அதன் இன்சூரன்ஸ் முடியும்போது கேட்கப்படும் கேள்வியும் எல்லா வீட்டிலும் ஒன்றே: "கம்மியா முடிச்சுத் தர முடியுமாண்ணே?" ஏஜென்ட்டின் பதிலும் தயார்: "தேர்ட் பார்ட்டி போட்டுக்கோங்க, போலீஸுக்கு அது போதும்." போலீஸுக்குப் போதும் என்பது உண்மைதான். அந்த ஸ்ப்ளெண்டரின் பின்சீட்டில் இருப்பவருக்குப் போதாது. பைக் இன்சூரன்ஸில் பணம் மிச்சப்படுத்த நியாயமான வழிகள் பல உண்டு. ஆனால் நம் ஊரில் அதிகம் கையாளப்படும் வழி, மிச்சம் மிகக் குறைவாகவும் இழப்பு மிக அதிகமாகவும் இருக்கிற இடத்தைப் பார்த்து வெட்டுகிறது.

டெல்லி வைத்த விலை

பிரீமியம் பில்லில் இரண்டு பெரிய பகுதிகள் இருக்கின்றன. நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி, நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்கான ஓன் டேமேஜ். முதலாவது, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவுப்படி கட்டாயம். அதன் விலையை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும், எந்த ஏஜென்ட் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும், அதில் ஒரு ரூபாய் குறையாது. ஆகவே "அந்தக் கம்பெனியில தேர்ட் பார்ட்டி சீப்" என்று யாராவது சொன்னால், பாலிசியின் கியூ.ஆர். கோடைச் சரிபார்ப்பது நல்லது. போலி பாலிசி புழங்குவது இந்த இடத்தில்தான்.

இந்த விலை வண்டியின் சி.சி.யைப் பொறுத்தது. அதனால் அதைக் குறைக்க ஒரே வாய்ப்பு, வண்டி வாங்கும் நாளில் ஷோரூமிலேயே வந்துபோய்விடுகிறது. 149 சி.சி. உள்ள யமஹா எஃப்.இசட். 714 ரூபாய் வரிசையில் நிற்க, 155 சி.சி. உள்ள ஆர்15 சட்டென்று 1,366 ரூபாய்க்குத் தாவுகிறது. ஆறு சி.சி.க்கு விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு! ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 349 சி.சி.யோடு 350 சி.சி. கோட்டுக்குள் நின்றுவிட, 452 சி.சி. ஹிமாலயன் கோட்டைத் தாண்டி 2,804 கட்டுகிறது. மீன் விற்பவரின் எக்ஸெல்லும் இதில் மாட்டியிருக்கிறது. பழைய எக்ஸெல் சூப்பர் 75 சி.சி.க்கு உட்பட்டது, இன்றைய எக்ஸெல் 100, ஸ்ப்ளெண்டர் கட்டும் அதே தொகையைக் கட்டுகிறது.

புது வண்டி என்றால் ஐந்தாண்டுக்கான தேர்ட் பார்ட்டியை மொத்தமாகக் கட்ட வேண்டும். இந்த விதி வந்த கதையில் ஒரு தமிழ்நாட்டு மருத்துவர் இருக்கிறார். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை நிபுணர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்கக் கோரி 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில் 2018 ஜூலையில் வந்த உத்தரவின்படியே, அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டுக் காப்பீடு கட்டாயமானது. முதல் வருடத்துக்குப் பிறகு பலர் புதுப்பிப்பதே இல்லை என்பதுதான் காரணம். நாட்டில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் இன்சூரன்ஸ் இல்லாதவை என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே சொல்லியிருக்கும் நிலையில், உத்தரவில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது ஒரு புதுக் குழப்பத்தையும் கொண்டுவந்தது. "அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று வீட்டில் நிம்மதியாக இருப்பவர்கள் பலரின் ஓன் டேமேஜ், முதலாண்டோடு முடிந்து போயிருக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது தண்ணீரில் நின்ற இரண்டு வயது, மூன்று வயது வண்டிகளில், அந்த ஒரு வரியைப் பாலிசியில் படித்துப் புதுப்பிக்காதவர்களின் வண்டிகளுக்கு எந்தக் கம்பெனியும் ஒரு ரூபாய் தர வேண்டிய கடமை இல்லை.

பெட்டிச் செய்தி: தேர்ட் பார்ட்டி விலை
2022 ஜூன் 1 முதல் ஓராண்டுக்கு, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி. 75 சி.சி. வரை 538 ரூபாய். 75 முதல் 150 வரை 714. 150 முதல் 350 வரை 1,366. அதற்கு மேல் 2,804.
புது வண்டிக்கு ஐந்தாண்டு மொத்தமாக: 2,901; 3,851; 7,365; 15,117.
மின்சார ஸ்கூட்டருக்குச் சுமார் 15 சதவீதம் குறைவு: 3 கிலோவாட் வரை 457, 7 கிலோவாட் வரை 607.
714ஐ ஐந்தால் பெருக்கினால் 3,570 வரும். மொத்தமாகக் கட்டுபவருக்குத் தள்ளுபடி இல்லை, 281 ரூபாய் கூடுதல்! இடையில் விலை ஏறினால் பாதிக்காது என்பதே ஆறுதல்.

மிச்சம் 312 ரூபாய்

இப்போது ஏஜென்ட்டின் யோசனையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு வயதான, 150 சி.சி.க்கு உட்பட்ட ஒரு பைக். அதன் மதிப்பை, அதாவது ஐ.டி.வி.யை, 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2007இல் விலைக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு ஓன் டேமேஜ் விலையைக் கம்பெனிகளே வைக்கின்றன என்றாலும், பழைய மோட்டார் டாரிஃப்பை உச்சவரம்பு போல எடுத்துக்கொள்ளலாம். அதன்படி செங்கல்பட்டுப் பதிவு வண்டிக்கு விகிதம் 1.76 சதவீதம், ஆக 528 ரூபாய். ஐந்து வருடம் க்ளெய்ம் எடுக்காதவருக்கு நோ க்ளெய்ம் போனஸாகப் பாதி கழியும், மீதி 264. வரியோடு 312 ரூபாய். தேர்ட் பார்ட்டிக்கு வரியோடு 843 ரூபாய் எப்படியும் கட்டத்தான் வேண்டும். ஆக 'தேர்ட் பார்ட்டி மட்டும்' என்று குறைத்துக்கொள்வதில் கிடைக்கும் ஆண்டு மிச்சம், பைக் டேங்க்கில் மூன்று லிட்டர் பெட்ரோல்.

அந்த மூன்று லிட்டருக்கு எதைக் கொடுக்கிறோம்? திருட்டு, தீ, வெள்ளம் எல்லாம் போகிறது. அது வண்டியோடு முடியும் நஷ்டம், தாங்கிவிடலாம். தாங்க முடியாத நஷ்டம் வேறு. சட்டப்படியான குறைந்தபட்சப் பாலிசி, பைக்கின் பின்சீட்டில் இலவசமாக அமர்ந்து வருபவரைக் காப்பதில்லை. திலக் சிங் வழக்கில் 2006இலும், சுதாகரன் வழக்கில் 2008இலும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மாறாக, பேக்கேஜ் எனப்படும் முழுப் பாலிசியில் பின்சீட்டுக்காரருக்கும் கம்பெனி பொறுப்பு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் சுற்றறிக்கை அனுப்பி இதை உறுதிசெய்ய, பாலகிருஷ்ணன் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. சாலையில் நடந்து போன அந்நியருக்கு அடிபட்டால் கம்பெனி கொடுக்கும். நம் தவறால் நம் பின்னால் உட்கார்ந்திருந்த தங்கைக்கோ தெருக்காரரின் மகனுக்கோ அடிபட்டால் கொடுக்காது. குடும்பமே பைக்கில் போகிற ஊரில், 312 ரூபாய்க்காக விட்டுக்கொடுக்கப்படுவது இதுதான்.

தொகை எவ்வளவு வரும் என்பதை மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் பின்பற்றும் முறையிலேயே போட்டுப் பார்க்கலாம். சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) தீர்ப்புகள் அந்தச் சூத்திரத்தைத் தந்திருக்கின்றன. பின்சீட்டில் வந்து இறந்தவருக்கு வயது 30, மாதம் 15,000 ரூபாய் வருமானம் உள்ள சுயதொழில், அவரை நம்பி நான்கு பேர் என்றால், ஆண்டு வருமானம் 1.8 லட்சத்தோடு எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி, சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து, 17ஆல் பெருக்க வேண்டும். 32 லட்சத்து 13 ஆயிரம். ஈமச்செலவு, துணை இழப்பு போன்றவை தனி. ஓட்டியவர் மீது தவறு என்று தீர்ப்பாயம் முடிவுசெய்து, பாலிசியும் பின்சீட்டைக் காக்காது போனால், இந்தத் தொகை வண்டி உரிமையாளரின் வீட்டுப் பத்திரத்தைத் தேடி வரும். இன்சூரன்ஸே இல்லாதவருக்கு நிலைமை இன்னும் மோசம். அப்படிப்பட்ட வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீட்டுக்கு ஈடு காட்டாமல் அதை விடுவிக்கக் கூடாது, மூன்று மாதத்தில் ஏலம் விடலாம் என்ற விதியை எல்லா மாநிலங்களும் கொண்டுவர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் உத்தரவிட்டது. போலீஸ் பிடித்தால் கட்டும் 2,000 ரூபாய் அபராதம், மறுபடி மாட்டினால் 4,000, இதன் பக்கத்தில் வெறும் சில்லறை.

தள்ளுபடி தேதியில் இருக்கிறது

அப்படியானால் எங்கேதான் குறைப்பது? முதல் இடம், எந்தச் சாமர்த்தியமும் தேவைப்படாதது: முடியும் தேதிக்கு முன் புதுப்பிப்பது. நோ க்ளெய்ம் போனஸ்தான் இந்த வியாபாரத்தில் வண்டிக்காரருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய தள்ளுபடி. பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் ஐந்தாண்டு சேர்த்தது மொத்தமும் பூஜ்யமாகிவிடும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் பாதி முதல் ஜூன் பாதி வரை கையில் காசு புரளாத வீடுகளில், அந்த மாதங்களில் முடியும் பாலிசிகள் தள்ளிப்போவது இயல்பு. அப்படித் தள்ளிப்போனாலும் 90 நாள் கோட்டைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்வது பாதிப் பிரீமியத்தைக் காப்பாற்றும். ஆனால் அந்த 90 நாள், போனஸுக்கு மட்டும்தான் சலுகை. இடைப்பட்ட நாளில் விபத்து நடந்தால் பாலிசி இல்லாத வண்டிதான்.

இரண்டாவது, சின்ன க்ளெய்மை விட்டுவிடுவது. ஓன் டேமேஜ் 838 ரூபாய் வரும் 50,000 ரூபாய் பைக்கில் 50 சதவீத போனஸ் வைத்திருப்பவர் ஒருமுறை க்ளெய்ம் எடுத்தால், அடுத்த ஆண்டு 419 ரூபாய் கூடும். பிறகு 20, 25, 35, 45 என்று படியேறி மறுபடி 50ஐத் தொடுவதற்குள் மொத்தம் 1,050 ரூபாய் அளவுக்கு இழந்திருப்பார், வரியோடு 1,200க்கு மேல். உடைந்த இண்டிகேட்டர், மட்கார்டு போன்ற பிளாஸ்டிக்கில் கம்பெனி பாதி விலையைத்தான் தரும். அதற்கும் கட்டாயக் கழிவு உண்டு. ஆக, ஒன்றரை ஆயிரம் ரூபாய் ரிப்பேருக்கு க்ளெய்ம் எடுப்பது கையிலிருந்து போடுவது.

பெட்டிச் செய்தி: போனஸ் யாருக்குச் சொந்தம்?
க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம். ஓன் டேமேஜில் மட்டும் கழியும், தேர்ட் பார்ட்டியில் கழியாது.
போனஸ் வண்டிக்கு அல்ல, ஆளுக்கு. பழைய பைக்கை விற்றால் கம்பெனியிடம் போனஸ் சான்று வாங்கிவைத்து, மூன்று ஆண்டுக்குள் வாங்கும் புது பைக்குக்குப் பயன்படுத்தலாம். விற்ற வண்டியோடு வாங்கியவருக்கு அது போகாது.

புத்திசாலித்தனமாகத் தோன்றும் சில குறுக்குவழிகளில் சாரமே இல்லை. ஐ.டி.வி.யை 50,000இலிருந்து 40,000க்கு இறக்கினால், போனஸுக்கு முன் 168 ரூபாய் குறையும். வண்டி திருடுபோனால் பத்தாயிரம் குறையும். முதல் 3,000 ரூபாய்ச் சேதத்தை நானே ஏற்கிறேன் என்று எழுதிக்கொடுத்தால் பழைய டாரிஃப்படி இருசக்கர வாகனத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியின் உச்சமே 250 ரூபாய். பதிவு முகவரியை மாற்றுவதும் அப்படித்தான்: சென்னைக்கும் செங்கல்பட்டுக்கும் விகித வித்தியாசம் 30,000 ரூபாய் வண்டிக்குப் பத்து ரூபாய்!

உண்மையான மிச்சம் இருக்கும் இன்னொரு இடம், ஒரே காப்பை இரண்டு முறை வாங்காமல் இருப்பது. ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு 2018இல் வந்தது. முன்பு பைக்குக்கு வெறும் ஒரு லட்சமாக இருந்ததை உயர்த்தச் சொன்னது நம் சென்னை உயர் நீதிமன்றம். 2019 ஜனவரி முதல் அதைத் தனியாகவும் வாங்கலாம். ஒரே பெயரில் பைக், ஸ்கூட்டர், கார் மூன்றும் இருந்தாலும் ஒரு காப்பு போதும். வேறு பாலிசியில் 15 லட்சத்துக்குக் குறையாத விபத்துக் காப்பு இருப்பவருக்கு இது தேவையே இல்லை. இருந்தும் மூன்று வண்டியின் பில்லிலும் அந்தத் தொகை ஏறிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. பில்லைக் கேட்டு வாங்கிப் படித்தால் அடுத்த முறையே நிறுத்திவிடலாம். ஷோரூமில் சொல்லும் கம்பெனியில்தான் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. டீலர்கள் அப்படி நிர்ப்பந்திக்கக் கூடாது என்று ஆணையத்தின் விதி 2017 நவம்பரிலிருந்தே இருக்கிறது. ஓன் டேமேஜ் விலையில்தான் போட்டி, ஆகவே ஒப்பிட வேண்டியது அந்த வரியை மட்டுமே.

"எப்படியும் கொடுக்க மாட்டான்"

இதற்கெல்லாம் ஊரில் ஒரு பதில் இருக்கிறது: ஃபுல் இன்சூரன்ஸ் போட்டாலும் நேரம் வரும்போது கம்பெனி ஏதாவது காரணம் காட்டி மறுத்துவிடும், பிறகு எதற்குக் கூடுதல் காசு? இதை வெறும் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. மறுப்புகள் நடக்கின்றன. ஆனால் காரணங்களைப் பார்த்தால் பெரும்பாலானவை பாலிசி எடுப்பவர் கையிலேயே இருப்பவை. விற்ற வண்டிக்கு ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல், கையெழுத்துப் போட்ட படிவங்களை டிக்கியில் வைத்துக்கொண்டே ஓட்டுவது கிராமங்களில் சாதாரணம். நவீன்குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர், பொறுப்பும் அவருடையதே. வண்டியை விற்றுவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவரும், வாங்கிவிட்டேன் என்று ஓட்டுபவரும் ஒருசேர மாட்டுவது இதில்தான். லைசென்ஸ் இல்லாத மகனிடம் சாவியைக் கொடுப்பது அடுத்தது. அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடமிருந்து வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கும். மகன் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது.

கடற்கரைக்கென்று ஒரு காரணம் தனியாக உண்டு. இருசக்கர வாகனப் பாலிசியின் வழக்கமான நிபந்தனை, வாடகைக்கு ஓட்டுவதையும் பந்தயத்தையும் மட்டும் விலக்குவதில்லை. மாதிரிப் பொருள், சொந்தச் சாமான் நீங்கலாகச் சரக்கு ஏற்றுவதையும் விலக்குகிறது. விடியற்காலையில் ஐஸ்பெட்டியோடு மதுராந்தகம் வரை போகும் எக்ஸெல், இந்த வரியின்படி சண்டைக்கு இடம் கொடுக்கும் வண்டி. ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகள் நம்பியிருக்கும் வண்டியை விற்கும்போது அதன் சுமைதாங்கும் வலிமையைத்தான் விளம்பரம் செய்கிறார்கள். காப்பீட்டு ஆவணம் அந்தச் சுமையையே விலக்குகிறது. இது வாடிக்கையாளரின் கவனக்குறைவு அல்ல, ஒழுங்குமுறை ஆணையம் தீர்க்க வேண்டிய முரண். அது தீரும்வரை, வண்டி எதற்குப் பயன்படுகிறது என்பதைக் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லி, எழுத்தில் பதில் வாங்குவது நல்லது. நியாயமில்லாத மறுப்புக்குச் சென்னை தேனாம்பேட்டையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது. 50 லட்ச ரூபாய் வரையிலான புகாரை விசாரிக்கிறார்கள். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

விபத்து என்றால் அரசே செலவைப் பார்த்துக்கொள்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. 2021 டிசம்பரில் இதே செங்கல்பட்டு மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கப்பட்டது. முதல் 48 மணி நேர சிகிச்சையை அது தாங்குகிறது, உயிர்களையும் காப்பாற்றியிருக்கிறது. 2022இல் மட்டும் 64,105 சாலை விபத்துகளோடு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாநிலத்துக்கு அது அவசியமான திட்டம். ஆனால் 48 மணி நேரத்துக்குப் பிறகான ஓராண்டுக்கு, வேலைக்குப் போக முடியாத காலுக்கு, சம்பாதித்தவர் இல்லாத வீட்டுக்கு அது பதில் அல்ல. இன்னொரு எதிர்ப்பு வலுவானது. பன்னிரண்டு, பதினைந்து வயதான வண்டிக்குக் கம்பெனிகள் முழுப் பாலிசி தரத் தயங்குகின்றன. அப்படிப்பட்டவர்களுக்குத் தேர்ட் பார்ட்டியே கதி என்றால், பின்சீட்டுக்கான தனி விபத்துக் காப்பைக் கூடுதலாகக் கேட்கலாம். வீட்டில் பதினெட்டிலிருந்து எழுபது வயதுக்குள் வங்கிக் கணக்கு உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா இரண்டு லட்ச ரூபாய் விபத்துக் காப்பு தருகிறது. 32 லட்சத்தின் முன் இரண்டு லட்சம் சிறிதுதான், ஆனாலும் இருபது ரூபாய்க்கு வேறெங்கும் இது கிடைக்காது.

பின்சீட்டைக் கட்டாயக் காப்புக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டால் என்ன? 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ். வைத்தியநாதன் அந்தத் திசையில் ஓர் அடி வைத்தார். புது வண்டிகளுக்கு ஓட்டுநர், பயணி, உரிமையாளர் எல்லோரையும் சேர்த்து ஐந்தாண்டு முழுக் காப்பீடு கட்டாயம் என்றது உத்தரவு. வண்டி விலை ஏறும், நடைமுறைச் சிக்கல் என்று எதிர்ப்புக் கிளம்ப, செப்டம்பரிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. ஐந்தாண்டு முழுக் காப்பீடு என்பது ஏழை வாங்குபவருக்குப் பாரம்தான், அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் பின்சீட்டின் பொறுப்பை மட்டும் தேர்ட் பார்ட்டிக்குள் சேர்த்து, அதற்கான தொகையை எல்லா வண்டிகள் மீதும் பரப்புவது வேறு விஷயம். தேர்ட் பார்ட்டி விலை கொஞ்சம் ஏறும்; ஏற்றம் யாரை உறுத்துமோ, அவர்களின் குடும்பமே பின்சீட்டில் இருக்கிறது. அந்த முடிவு நாடாளுமன்றத்தின் கையில். ரினியூவல் நாளில் நம் கையில் இருப்பது ஏஜென்ட்டிடம் மூன்று கேள்வி: இது பேக்கேஜா, தேர்ட் பார்ட்டி மட்டுமா? பின்னால் உட்காருபவருக்கு இதில் என்ன இருக்கிறது? என் போனஸ் எத்தனை சதவீதம் கழிந்திருக்கிறது? பதிலை வாட்ஸப்பில் எழுதி அனுப்பச் சொல்லிவிட்டுப் பணம் கட்டலாம்.